விருந்தாளி பார்க்காத சுவர்

அரசாங்கத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் என் தங்கை மகெலேசி முதலில் அழுதாள். பிறகு வீக்கா அத்தைக்குப் போன் செய்தாள். அழுததோடு நிறுத்தியிருக்கலாம்.

வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆக்லாந்து நகரத்தின் ஓதாராவில், என் மச்சான் செமிசியின் சித்தப்பா மகன் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய கராஜ் அது. அவர்கள் இருந்த வாடகை வீட்டை உரிமையாளன் விற்றுவிட்டான். ஆக்லாந்தில் அடுத்த வீட்டு வாடகை செமிசியின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நின்றது. 'கொஞ்ச நாள்' என்று சொல்லிக் கராஜுக்குள் போனார்கள். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு குளிர்காலத்தைத் தின்றது. ஒரு கார் நிற்க வேண்டிய இடத்தில் புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். போதாததற்கு, வேலை தேடி வந்த செமிசியின் தம்பியும் அவன் மனைவியும். தம்பியை வராதே என்று சொல்லலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஆட்களாக இருக்க முடியாது.

சிமென்ட் தரையில் அட்டை, அட்டைமேல் பாய், பாய்மேல் மெத்தை. மழை பெய்தால் சுவர் வியர்க்கும். பின் சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் கறுப்புப் பூசணம். மகெலேசி வாராவாரம் பிளீச் ஊற்றித் தேய்ப்பாள். அடுத்த வாரம் அது இன்னும் கொழுத்துப்போய்த் திரும்பி வரும்.

மூத்தவள் லாவினியாவுக்குப் பதினோரு வயது. அவளுக்குத்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலியில் ஆரம்பித்து, மூட்டு மூட்டாக ஏறி, கடைசியில் இதயத்தில் போய் உட்காரும் வாதக் காய்ச்சல். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதன் பெயரைச் சொல்லும். துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்துக் கட்டிய வீடுகளில் இருக்கும் பணக்காரர்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

மாதாமாதம் அவளுக்கு ஊசி போட வரும் நர்ஸ் ஒரு சமோவாக்காரி. மென்று விழுங்கத் தெரியாதவள்.

"இன்னொரு தடவ வந்துச்சுன்னா வால்வு போயிரும்," என்றாள் அவள் மகெலேசியிடம். "ஊசி மட்டும் பத்தாது. புள்ளைய இந்த ஈரத்துல இருந்து வெளிய எடுக்கணும். இந்த மாதிரி காய்ச்சல் வந்த புள்ளைங்களுக்கு அரசாங்கம் வீடு முன்னாடியே குடுக்குது. நான் எழுதிப் போட்டிருக்கேன். பாக்க வருவாங்க. வந்தா எல்லாத்தையும் காட்டுங்க."

எல்லாத்தையும் காட்டுங்க என்றாள். வேறென்ன சொல்லியிருக்க முடியும் அவளால்?

இங்கே வீக்கா அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செமிசியின் அக்கா. லாவினியாவுக்கு அத்தை. எங்கள் டோங்காத் தீவுக்காரர்களிடம் அத்தைக்கு மேல் ஆளே கிடையாது. அப்பா வாயைத் திறப்பதற்கு முன் அத்தை முகத்தைப் பார்ப்பார். தாய்மாமன் நேர் எதிர். நான் தாய்மாமன். என் மருமகள் என் தட்டிலிருந்து கோழிக்காலை எடுத்துக்கொண்டால் நான் எலும்பை வாங்கிக்கொள்ள வேண்டும். லாவினியா பேசத் தெரிந்த நாளிலிருந்து அந்த உரிமையைக் கொடி கட்டி நடத்தினாள். என் தொப்பி, என் போன் சார்ஜர், நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது போடும் தடித்த ஜாக்கெட், எல்லாம் அவளுடையவை. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் கராஜில் தூங்கினாள். மேலே கம்பளித் தொப்பி, கீழே இரண்டு ஜோடி சாக்ஸ்.

ஆள் வருகிற அன்று காலையில் அத்தை இரண்டு வேனில் வந்து இறங்கினாள். கூடவே சர்ச்சில் பாடும் பெண்கள், பாய்கள், சேப்பங்கிழங்கு மூட்டை, ஒரு முழுப் பன்றி. கல்யாண வீடு தோற்றது.

"மதினி, வர்றது சொந்தக்காரங்க இல்ல," என்றேன். "இது எவ்வளவு மோசமா இருக்குன்னு பாக்க வர்றாங்க."

"விருந்தாளி விருந்தாளிதான், பேனி. உங்க பக்கத்துல எப்படியோ. என் தம்பி வாசலுக்கு வர்றவங்க குப்பையப் பாத்துட்டுப் போக மாட்டாங்க."

"குப்பையப் பாக்கத்தான் மதினி வர்றாங்க."

"நீ போய்ப் பன்னியத் திருப்பு."

அவ்வளவுதான். என் பேச்சு அம்பலம் ஏறவில்லை. செமிசியைப் பார்த்தேன், அவன் தன் செருப்பைப் பார்த்தான். மகெலேசி மட்டும் மெதுவாக, "அக்கா, நர்ஸ் சொன்னாங்க..." என்று ஆரம்பித்தாள். அத்தை அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். அது அன்பாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

"உன் மானம் என் மானம் இல்லையாடி? அவங்க நம்மளப் பாத்து, பாவம்னு நினைச்சுட்டுப் போகணுமா?"

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கசக்கிக் கட்டியவன் உடுத்தியிருப்பது கந்தையே இல்லை என்று ஓர் அரசாங்கம் நினைக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மெத்தைகள் வேனுக்குள் போயின. தம்பியையும் அவன் மனைவியையும் கடைத்தெருவுக்குப் போய் வரச் சொன்னார்கள். தரை முழுக்க நல்ல பாய்கள். பிறகு அத்தை தன் கல்யாணச் சீராக வந்த பெரிய பட்டைத்துணியைக் கொண்டுவரச் சொன்னாள். மரப்பட்டையைத் தட்டித் தட்டி அகலமாக்கி, பழுப்பும் கறுப்புமாகக் கோலம் எழுதிய துணி; எங்களுக்குத் தங்கம் என்றால் அதுதான். நாலு பெண்கள் ஏணி போட்டு அதைப் பின் சுவரில் அறைந்தார்கள். கூரையிலிருந்து தரை வரைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். அத்தை இருந்தால் முடியும்.

லாவினியா வெள்ளைக் கவுனும் காதோரம் பூவுமாக வெளியே வந்தாள், பன்றியைப் பார்க்க. ஜாக்கெட் இல்லாமல் அவள் எவ்வளவு ஒல்லி என்று அன்றுதான் பார்த்தேன்.

"மாமா, நம்ம வீடு ரொம்ப அழகாயிருச்சு. இங்கயே இருந்துரலாமா?"

"அத்தைகிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னேன். உன்ன வேலையப் பாக்கச் சொன்னாங்க." சிரித்துக்கொண்டே பன்றியின் காதைப் பிய்த்துத் தின்றாள். அதுவும் அவளுக்குப் பாத்தியப்பட்டதுதான்.

வந்த அதிகாரியின் பெயர் ஹெதர். நரைத்த தலை, மழைக்கோட்டு, வாசலிலேயே காலணியைக் கழற்றத் தெரிந்த பெண்மணி. உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் நெருப்போடு இருந்தேன். மகெலேசி சொல்லித்தான் தெரியும். எத்தனை பேர் இங்கே தூங்குகிறீர்கள் என்று ஹெதர் கேட்டிருக்கிறாள். அத்தை, "இந்தக் குடும்பத்த நாங்க கஷ்டப்பட விடுவோமா? எங்க வீடெல்லாம் இவங்க வீடுதான்," என்று பதில் சொல்லியிருக்கிறாள். ஈரம் உண்டா என்று அடுத்த கேள்வி. மகெலேசி வாயைத் திறந்தாள். சுற்றிலும் இருபது முகங்கள், எதிரே அத்தை, விருந்தாளி கழுத்தில் இவர்களே போட்ட மாலை. "சமாளிக்கிறோம்," என்றாளாம்.

ஹெதர் அந்தப் பட்டைத்துணிக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தாளாம். எந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம் என்று அத்தை விளக்கினாளாம். அதற்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல், என் மருமகளின் இதயத்தைத் தின்றுகொண்டிருந்த பூசணம். பிறகு பெண்கள் பாடினார்கள். பாட்டு எனக்கும் கேட்டது. ஹெதர் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவள் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் ஓடினேன். கையெல்லாம் பன்றிக் கொழுப்பு. கார் ஜன்னலைத் தட்டி, "அந்தத் துணிய விலக்கிப் பாருங்க," என்றேன். அதே நேரம் அத்தை அனுப்பிய பெண்கள் அலுமினியத் தாளில் சுற்றிய இறைச்சியோடு என்னை முந்திக்கொண்டு வந்தார்கள். ஹெதர் சிரித்துக்கொண்டே எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கையை ஆட்டினாள். "மன்னிக்கணும், நாங்க எதுவும் வாங்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

சில வாரம் கழித்து அவளே போன் செய்தாள். இப்போதைக்கு முன்வரிசையில் வைக்க முடியவில்லை, காருக்குள் தூங்குகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, உங்களுக்கு இவ்வளவு பலமான சொந்தபந்தம் இருப்பது பெரிய ஆறுதல் என்றாள். அதுவரைக்கும் உதவியாக இருக்கட்டும் என்று ஒரு ஹீட்டரும் திரைச்சீலைகளும் அனுப்பினார்கள். கனமான, உள்துணி வைத்துத் தைத்த நல்ல திரைச்சீலைகள். கராஜுக்கு ஜன்னல் கிடையாது. மகெலேசி அவற்றைப் பிள்ளைகளுக்குப் போர்த்தினாள். ஹீட்டரைப் போட்டால் முன் வீட்டில் ஃபியூஸ் போனது.

நான் போன் செய்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். மறுபடி வந்து பார்ப்பதற்கு மறுபடி வரிசை. இசை கேட்டுக்கொண்டே காத்திருந்து காத்திருந்து, அந்த இசையை இன்றைக்கும் எங்காவது கேட்டால் எதையாவது உடைக்கத் தோன்றுகிறது.

ஜூலையில், நடுக்குளிர்காலத்தில், லாவினியாவுக்கு மறுபடி தொண்டை வலித்தது. அம்மா கவலைப்படுவாள் என்று அவள் சொல்லவில்லை. அவளும் எங்கள் பிள்ளைதானே, சமாளித்தாள். படி ஏறும்போது பள்ளிக்கூடத்தில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் காட்டி விளக்கினார். வால்வு மூடுவதில்லை, இரத்தம் பின்னால் வழிகிறது, கொஞ்சம் தேறியதும் அறுவை சிகிச்சை.

வரிசையில் நிற்காமலே ஹெதர் அந்த வாரம் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அவளைக் கூப்பிட்டு என்ன சொன்னாளோ தெரியாது. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. அதிகாலையிலேயே போய், அன்றிலிருந்து யாரும் கழற்றாமல் தொங்கிய அத்தையின் பட்டைத்துணியைச் சுவரிலிருந்து இறக்கினேன். தாய்மாமன் தொடக் கூடாத பொருள். துணி சுவரோடு ஒட்டியிருந்தது. உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்பக்கம் முழுக்கச் சுவரின் கறுப்பு அப்படியே இறங்கியிருந்தது. மெத்தைகளை எடுக்க விடவில்லை. மகெலேசி துடைப்பத்தை எடுத்தாள். பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன்.

"அண்ணே, ஒரு பெருக்கு மட்டும் பெருக்கிக்கிறேனே."

"பெருக்கினா நான் உன் வாசப்படி ஏற மாட்டேன்."

அத்தை வந்தாள். துணி கிடப்பதையும் சுவரையும் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஈரம் பாவாடையில் ஏறியிருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்தாள். அந்த மெத்தையில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்டாள். லாவினியா என்றேன்.

ஹெதர் சுவரில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரல் கறுத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு ஏன் என்கிட்ட சொல்லல?"

மகெலேசிக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே புரியவில்லை.

"நீங்க விருந்தாளி," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நடக்க முடியும் என்றால் நடக்கத்தான் செய்கிறது. பாப்பகுராவில் அரசாங்கம் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று ஒதுக்கினார்கள். செமிசி போய்ப் பார்த்து, போனில் படம் எடுத்து வந்து லாவினியாவிடம் காட்டினான். அறை அறையாக நகர்த்திப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் மேலே இருந்த வெள்ளைப் பெட்டியில் விரலை வைத்தாள்.

"இது என்னப்பா?"

"ஹீட்டர். ரிமோட்டுல அமுக்கினா வீடு முழுக்கச் சூடாயிரும்."

"முழுக்கவா?"

"முழுக்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நான் அங்க எப்படித் தூங்குவேன் தெரியுமா? வெறும் கவுன். ஜாக்கெட் கெடையாது, தொப்பி கெடையாது, சாக்ஸ் கெடையாது."

"அப்ப என் ஜாக்கெட்ட எனக்குத் திருப்பிக் குடு."

"அதெப்படி? அது என்னோடது."

அறுவை சிகிச்சைக்கு அவளை உள்ளே கொண்டுபோனபோது புது வீட்டுச் சாவி மகெலேசியின் கைப்பையில் இருந்தது. சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். மறுநாள் இதயம் ஒத்துழைக்கவில்லை என்றார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய் எங்களை உட்கார வைத்தார்கள். மகெலேசி அங்கேயும் அந்த டாக்டருக்கு நன்றி சொன்னாள். என் தங்கையை அந்த நிமிடம் அறைய வேண்டும்போல எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

பிள்ளையைக் கராஜில் கிடத்த முடியாது என்று அத்தை சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அப்படித்தான் லாவினியா தன் புது வீட்டுக்குக் குடிபோனாள்.

சாவுவீட்டில் அத்தைக்குத் தலைமாட்டில் இடம். தாய்வழி ஆட்களான எங்களுக்குப் பின்முற்றத்தில். துக்கத்துக்கு அடையாளமாகக் கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கண்ணில் படாமல் சமைத்துப் போடுவதுதான் எங்கள் மரியாதை. குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, மறுபடியும் பன்றி, மறுபடியும் சேப்பங்கிழங்கு. ஆகஸ்ட் மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

கூடத்துக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. பிள்ளைக்குக் கீழே விரிக்க அத்தை அந்தப் பட்டைத்துணியைத்தான் கொண்டுவந்திருந்தாள். கோலம் கீழே, கறுத்த பக்கம் மேலே. சர்ச் பெண்களில் ஒருத்தி அவசரமாகக் குனிந்து அதைத் திருப்பிப் போடப் போனாள்.

"விடு," என்றாள் அத்தை. "எல்லாரும் பாக்கட்டும்."

வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சுவரின் கறுப்பைப் பார்த்துக்கொண்டுதான் பிள்ளையை முத்தமிட்டார்கள். வெள்ளைக் கவுன். வெறுங்கால். தலையில் தொப்பி இல்லை. கேட்டபடியே படுத்திருந்தாள்.

நான் இறைச்சித் தட்டோடு கதவுவரை போனபோது ஹெதர் உள்ளே இருந்தாள். எங்களைப் போலவே கறுப்பு உடுத்தி, பாயில் கால் மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கூடத்தில் எல்லோரும் கோட்டும் போர்வையுமாக இருந்தார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. லாவினியாவின் குட்டித் தங்கை மகெலேசியின் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஹெதர் அதைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். எங்களுக்கு அதைப் போடத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். எழுந்து போய் ஜன்னலோரத்தில் இருந்த ரிமோட்டை எடுத்தாள்.

"இப்படி அமுக்கணும்," என்றாள் மகெலேசியிடம், மெதுவாக, கற்றுக்கொடுக்கும் குரலில். "ரொம்ப சுலபம். ரெண்டு நிமிஷத்துல சூடாயிரும்."

மகெலேசி விருந்தாளியை எப்படி வேண்டாம் என்பாள்? அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, என்னைப் பேசச் சொல்லிப் பார்த்தாள்.

"போடக் கூடாதும்மா," என்றேன் நான், வாசலில் நின்றபடி. "புள்ள உள்ள இருக்கிற வரைக்கும் வீடு குளிராத்தான் இருக்கணும்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. ரிமோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தட்டைக் கொடுத்துவிட்டு நான் பின்முற்றத்துக்குத் திரும்பினேன். கல் நன்றாகப் பழுத்திருந்தது. அந்த வீட்டில் அன்று சூடாக இருந்த இடம் அது ஒன்றுதான்.